மேட்டுப்பாளையம் டு ஊட்டி: காருக்குள் கேட்கும் 'கடகட' எங்கிருந்து வருகிறது?

சனிக்கிழமை விடிந்தால் போதும், மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஊட்டி சாலையில் கார்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும் அந்தச் சாலையோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் சில கார்களை அடையாளம் சொல்லிவிடலாம். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, அதிகச் சத்தம் வரும் சைலன்சரை மாட்டிய கார்கள் அவை.

வெளியே நிற்பவர்களுக்கு உறுமல் மட்டும்தான் கேட்கும். உள்ளே இருப்பவர்களுக்கோ தனிக் கச்சேரி. டேஷ்போர்டில் ஒரு 'கிர்ர்', டிக்கியில் ஒரு 'கடகட', கதவுக்குள் எங்கோ ஒரு 'ஜிங்'. சமவெளியில் பாட்டுச் சத்தத்தில் மறைந்துபோகும் இவை, மலை ஏறும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

காரணம், பாதை அப்படி. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் 1,900 மீட்டர் ஏற்றம். குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக காற்றின் அடர்த்தி குறையும். ஊட்டியில் அது சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் என்றால் இழுவை குறைவது நன்றாகவே தெரியும். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடியேதான் ஏற வேண்டும். சைலன்சர் அதிகமாகக் கத்துவதும் அப்போதுதான்.

மிக்ஸியும் டம்ளரும்

சமையலறையில் மிக்ஸி ஓடும்போது அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் 'கிணுகிணு' என்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மிக்ஸியின் வேகத்தைக் கூட்டினால் டம்ளர் அடங்கி, பக்கத்தில் இருக்கும் தட்டு ஆடத் தொடங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் அது ஆடுவதற்கென்று ஒரு வேகம் உண்டு. வெளியில் இருந்து வரும் அதிர்வு அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் அது துள்ளத் தொடங்கிவிடும்.

காரிலும் இதேதான். நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்-மில் சுற்றும்போது, விநாடிக்கு 80 முறை சைலன்சருக்குள் புகை வெடித்து வெளியேறும். மூன்று சிலிண்டர் என்றால் 60 முறை. கம்பெனி சைலன்சரின் உள்ளறைகள் அந்த அதிர்வைப் பெருமளவு விழுங்கிவிடும். சத்தத்துக்காக வாங்கிய சைலன்சர் அதை அப்படியே வெளியே விடும். ஏற்கெனவே லூஸாக இருந்த நம்பர் பிளேட்டும், டிக்கித் தட்டும், கதவு அட்டையும் அதற்குத் தாளம் போடும். பல நேரங்களில் புது சைலன்சர் கோளாறை உண்டாக்குவதில்லை. இருந்த கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது.

கல்லாறு: முதலில் காரைக் காலி செய்யுங்கள்

சத்தம் தேடுவதில் முதல் பாடம், திருகாணியைத் தொடுவதற்கு முன் காரைக் காலி செய்வது. கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு அறையில் கண்ணாடிக் கூடு, சில்லறைக் காசு, டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர் என எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் போல்ட்டை இறுக்க வேண்டும். காலி சீட்டின் பெல்ட் கொக்கி கதவு ஓரத்தில் தட்டுகிறதா என்று பாருங்கள். பாதிச் சத்தம் இங்கேயே ஓய்ந்துவிட வாய்ப்பு உண்டு.

மிச்சமிருக்கும் சத்தத்தைக் கல்லாறு தாண்டியதும் மலையே பிரித்துக்கொடுக்கும். கிளம்பும்போது இல்லாமல், சைலன்சர் சூடான பிறகு வரும் சத்தமா? குழாய் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 10 மில்லிமீட்டர் வரை நீளும். மாட்டும்போது பம்பருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட விடவில்லை என்றால், சத்தம் தொடங்கும் இடம் அதுதான்.

வளைவில் திரும்பும்போது மட்டும் 'டக்' என்று இடிக்கிறதா? சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்களில் ஒன்று தளர்ந்திருக்கலாம், அறுந்திருக்கலாம். இடது வளைவில் மட்டும் வருகிறதா, வலது வளைவிலா என்று குறித்துக்கொண்டால் மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும். இதைக் கவனிக்க வேண்டியவர் பக்கத்து சீட்டில் இருப்பவர். ஓட்டுபவரின் கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும்.

பாறைச் சுவரை ஒட்டிப் போகும் இடங்களில் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக் கேட்டால் இன்னொன்றும் தெரியும். காருக்கு அடியில் இருந்து வரும் சத்தம் பாறையில் மோதித் தெளிவாகத் திரும்பி வரும். பள்ளத்தாக்குப் பக்கம் அது கரைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் சத்தம் காருக்குள்ளேயே இருக்கிறது.

பர்லியார்: தொடாமல் பாருங்கள்

மங்குஸ்தான், துரியன் என சீசன் பழங்கள் விற்கும் பர்லியாரில் நிறுத்துபவர்கள் அதிகம். இன்ஜினை அணைத்துவிட்டு, குனிந்து பார்க்க இது நல்ல இடம். கை வைக்கக் கூடாது. கொதிக்கும் சைலன்சர் தோலை உரித்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்த பிறகே குனிய வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் நுழைவது எந்த ஊரிலும் கூடாது.

எங்கேயாவது பெயின்ட் தேய்ந்து பளபளப்பாக இருக்கிறதா? உரசும் இடம் அது. குழாய் இணையும் இடத்தில் கரி படிந்திருக்கிறதா? அங்கே புகை கசிகிறது. குழாய்க்கு மேல் இருக்கும் மெல்லிய வெப்பத் தடுப்புத் தகடு தொங்குகிறதா? 'ஜிங்' என்ற சத்தம் பெரும்பாலும் அதன் வேலைதான்.

தகடு சத்தம் போடுகிறது என்று அதைப் பிய்த்து எறிபவர்கள் உண்டு. அது ஆபத்து. காரின் தரையையும், பக்கத்தில் போகும் குழாய்களையும் சூட்டில் இருந்து காப்பது அந்தத் தகடு. நீலகிரியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து, காட்டுத்தீ பயம் இருக்கும் காலம். சூடான சைலன்சரோடு காய்ந்த புல் மேல் காரை நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். தகட்டை ஒரு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினாலே சத்தம் நின்றுவிடும்.

குன்னூர்: கையால் அழுத்துங்கள்

குன்னூர் வந்ததும் வண்டி நிற்கும் இடத்தில், காற்றோட்டமான வெளியில், ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கூட்டட்டும். சத்தம் வரும் ஆர்.பி.எம்-மில் அப்படியே பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் நம்பர் பிளேட், டிக்கி மூடி, கதவு அட்டை, சன் வைசர், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்கலாம். மிக்ஸிக்குப் பக்கத்தில் ஆடும் டம்ளர் மேல் கை வைத்தால் சத்தம் நிற்கிறதே, அதே வித்தைதான். எதை அழுத்தினால் நிற்கிறதோ, அங்கே ஒரு ரப்பர் வாஷரோ, கம்பளித் துணி டேப்போ வைத்தால் போதும். குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கம் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

எதை அழுத்தினாலும் நிற்காமல், ஒரே வேகத்தில் காதை அடைக்கும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சினால் அதற்கு டேப் மருந்து இல்லை. அது சைலன்சரின் சொந்தக் குரல். பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டுவதுதான் அதற்குத் தீர்வு. அதனால்தான் கழற்றிய சைலன்சரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடக் கூடாது.

மூடிய கண்ணாடிக்குள் ஒரு ஆபத்து

சத்தத்தோடு புகை வாடையும் வந்தால் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள். புதிதாக மாட்டிய சைலன்சரில் பேக்கிங் சரியாக உட்காராவிட்டால், ஏறும்போது 'டிக்டிக்' என்று கேட்கும். கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஊட்டிக் குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்காற்றையே சுழலவிட்டுப் போகும் காரில் அது சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் மலை ஏறியதால் வந்தது என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். கண்ணாடிகளை இறக்கி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டு காருக்குள் தூங்குவது எந்த சைலன்சரோடும் கூடாது.

இறங்கும்போது காதுதான் துணை

மேட்டுப்பாளையத்தில் இருந்து கிளம்பும் மலை ரயிலைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். 1899-ல் குன்னூர் வரை வந்த அந்தப் பாதையில், பெட்டிகளில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் இன்ஜினின் விசிலைக் கேட்டுத்தான் பிரேக் போடுகிறார்கள். மலையில் காது ஒரு வேலைக்கருவி.

காருக்கும் அப்படித்தான். பிரேக் பேட் தேய்ந்தால் 'கீச்' என்று ஒரு தகடு எச்சரிக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் பஸ்ஸின் ஹாரன், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடச் சொல்லும். கோத்தகிரி வழியாகவோ குன்னூர் வழியாகவோ இரண்டாவது கியரில் இறங்கும்போது இந்தச் சின்னச் சத்தங்கள்தான் உயிரைக் காப்பவை. சைலன்சர் உறுமலில் முதலில் தொலைந்துபோவதும் இவைதான்.

கேட்பது மனிதக் காது மட்டுமல்ல. கல்லாறு யானைகளின் வழித்தடம். நமக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்த ஒலியில் தங்களுக்குள் பேசிக்கொள்பவை யானைகள். சாலையோரத் தேயிலைத் தோட்டங்களில் நாள் முழுக்க இலை பறிக்கும் பெண்களுக்கும் ஒவ்வொரு வண்டியின் சத்தமும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. 2025 கோடைக்கு நீலகிரிக்குள் வர வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வெளி வாகனங்களுக்கு வரம்பு வைத்தது. அவை அத்தனையும் இந்தச் சில சாலைகளில்தான் ஏறி இறங்குகின்றன.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை சொல்கிறது. ஒலி விதிகளை மீறினால் 190(2) பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. உறுமல் கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது.

மலைக்கு வருவதற்கு முந்தைய நாள், பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு, பிரேக் பேடையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பர்லியாரில் கண்ணாடியை இறக்கினால் ஓடைச் சத்தமும் கேட்கும், உங்கள் கார் சொல்வதும் கேட்கும்.