கிட்டாரோடு கிளம்பும் மருமகளுக்கு

ஆயர் தாவார்,
16.2.2025

அன்பு மருமகளுக்கு,

தைப்பூச அலைச்சல் முடிந்து நேற்றுதான் முழுசாகத் தூங்கி எழுந்தேன். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை வரைக்கும் காவடிகளோடு உருமி மேளம் அடித்துக்கொண்டே நடந்ததில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. நீ அனுப்பிய பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டாவது பாட்டில் சரணம் தொடங்குகிற இடத்தில் குரலை இறக்கிப் பாடியிருக்கிறாய் பார், அதை அப்படியே வைத்துக்கொள். யார் சொன்னாலும் மாற்றாதே.

படிப்பு முடிந்ததும் என்னோடு கிளம்பி வரட்டுமா, இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால்தான் எழுதுகிறேன். வா என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதத்தை என் அக்காவும், அதாவது உன் அம்மாவும், படிக்கட்டும், ஒளித்து வைக்காதே. நீ எங்கே வருகிறாய் என்பது உங்கள் இரண்டு பேருக்குமே தெரியவேண்டும்.

உன் தாத்தா காலத்தில் பாட்டுக்காரன் சனங்களைத் தேடிப் போகவேண்டிய தேவை இல்லை. சொகோமானா, கேஷ்வுட், கொலம்பியா என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. தாத்தா விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து படுப்பார். திருவிழா நாளில் சாயங்காலம் உருமியை வெயிலில் காயவைத்துத் தட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் திடலில் பாயைப் போட்டு இடம் பிடித்துவிடுவோம். அவருக்கு மேடை, ரசிகர், ஊர் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. தோட்டங்கள் கைமாறின, சிலவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள், வீடு கட்டினார்கள். சனங்கள் மூட்டையைக் கட்டினார்கள். கொஞ்சம் பேர் சித்தியவான் தாமான் குடியிருப்புகளுக்கு, கொஞ்சம் பேர் ஈப்போவுக்கு, நிறையப் பேர் கிள்ளான், ஷா ஆலாம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு, இன்னும் சிலர் ஜொகூர் பாருவில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு. ஒரே திடலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். பாட்டுக்காரன் ரோட்டுக்கு வந்தது அதனால்தான். ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை இருந்தால் இந்த வேலை சீக்கிரம் அலுத்துப்போகும். நம் ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போய்ப் பாடுகிற ஆசை இருந்தால் அலுக்காது. உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அந்த ஆசையைத்தான்.

மேடை முடிந்ததும் பெரியவர்கள் நம்மிடம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்தத் தோட்டம் தம்பி?" ஊரைக் கேட்கமாட்டார்கள். ஜொகூரில் மாசாய் பக்கம் ஒரு தாமான் மண்டபத்தில் பிறந்தநாள் விருந்துக்குப் பாடப் போயிருந்தேன். பெரட்டு மணியைப் பற்றி நான் எழுதின பாட்டு உனக்குத் தெரியுமே, அதைப் பாடி முடித்தபோது கைதட்டல் பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமான்களைக் கட்டும்போது ஒரு பாட்டி வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் தோட்டத்தின் பேரைச் சொன்னார். அங்கே இப்போது ஒரு தொழிற்பேட்டை நிற்கிறதாம். அந்தத் தோட்டத்துக் கோயில் எந்தத் திசை பார்த்திருக்கும், கிணறு எங்கே, தன் வீடு லயத்தில் எத்தனையாவது என்று சொல்லிக்கொண்டே போனார். பேரன் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "அந்த மணியை இன்னொரு தடவை பாடு" என்றார். மைக்கெல்லாம் பிடுங்கிக் கட்டியாயிற்று. கிட்டாரை வெளியே எடுத்து அவருக்கு மட்டும் பாடினேன். அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் தோட்டப் பேர்களை எழுதி வைக்கிறேன். யார் எந்தத் தோட்டம் சொன்னாலும் எழுதிவிடுவேன். உன்னிடம் காட்டுகிறேன்.

நமக்கு முன்னாலும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. 1885 வாக்கில் பினாங்கில் மாமாக் புஷி தொடங்கிய பங்சாவான் நாடகக் கம்பெனி பாட்டும் ஆட்டமுமாக சுமத்ரா, ஜாவா வரைக்கும் போய் வந்தது. தமிழ்நாட்டில் மேடைப் பாடகர் பாவலர் வரதராசனை எடுத்துக்கொள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம்மைப் போன்ற தோட்டத்துச் சனங்களுக்கு நடுவே நின்று பாடினார். அவரோடு ஆர்மோனியமும் கையுமாக ஊர் ஊராகப் போன சின்னத் தம்பிதான் பிற்பாடு இளையராஜா ஆனார். அந்த மனிதரின் இசைக்குள் இத்தனை வகைச் சனங்கள் நடமாடுவதற்கு அந்த ஊர்சுற்றலும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இந்த நாட்டில் பிறகும் அப்படித்தான். பினாங்கிலிருந்து கிளம்பிய அலிகேட்ஸ் இசைக்குழுவில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் ஹாங்காங் கிளப்புகள் வரைக்கும் போய் வாசித்துவிட்டுத்தான் மலாய்ப் பாட்டுகளில் பேர் வாங்கினார்கள். 2007-இல் லோகநாதன் இறந்தபோது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் வருந்தினார்கள். 1998-இல் பொயட்டிக் அம்மோ ராப் குழுவின் ஆல்பம் வந்தது. 2006-இல் யோகி பி நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தது. அதற்குப் பிறகுதான் நம் பையன்கள் மலேசியத் தமிழில், நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே, எழுதிப் பாடக் கூச்சப்படாமல் இருக்கிறார்கள். நீ பாட்டெழுத உட்காருகிறபோது அந்தக் கூச்சம் உனக்கு இல்லையே, அது அவர்கள் வாங்கித் தந்தது.

இனி அக்கா படிக்கவேண்டிய பகுதி. பணம்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆகியிருக்கிறது. சில மாதங்களில் என் கையில் அதைவிட நல்ல தொகை நிற்கும். சில மாதங்களில் அதில் பாதி கூட வராது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், அதைத் தொட்டு வரும் தீமிதித் திருவிழாக்கள் வரைக்கும் உருமிக்கு வேலை உண்டு. கல்யாண மாதங்களில் இன்னிசைக் குழுவோடு போவேன். தீபாவளிக்கு முன்னால் கல்லூரிகளிலும் கம்பெனி விருந்துகளிலும் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பாட்டுக்கு என்று தனியாகக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, ஆனால் வருஷா வருஷம் கூடி வருகிறார்கள். உருமியில் வருகிற காசுதான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போக வைக்கிறது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உருமி தாத்தாவின் வாத்தியம், அதை அடிக்கிறபோது நான் வேறு ஆளாகிவிடுவதில்லை.

ஒரு கஃபேயில் முந்நூறு வெள்ளி தருகிறேன் என்றால் முந்நூறும் உன்னுடையது என்று நினைத்துவிடாதே. பெட்ரோல், டோல், சாப்பாடு, கிட்டார் கம்பி, படுக்க இடம் எல்லாம் கழித்துப் பார். தூரமான ஊருக்கு ஒரே ஒரு மேடைக்காகப் போகாதே. போகிற வழியில் ஒன்று, திரும்புகிற வழியில் ஒன்று சேர்ந்தால்தான் கிளம்பவேண்டும். தொகை, எத்தனை மணிக்குப் பணம், தங்கும் இடம், சாப்பாடு நான்கையும் எழுத்தில் வாங்கு. வாட்சாப்பில் எழுதி "சரி" என்று வாங்கினாலும் போதும். ஓர் ஏற்பாட்டாளர் எனக்கு இன்றுவரை பணம் பாக்கி வைத்திருக்கிறார். அன்றைக்கு என்னோடு வந்த தபேலாக்காரருக்கு என் கையிலிருந்துதான் கொடுத்தேன். கூட வாசிக்கிறவருக்கு முதலில் கொடுத்துவிடவேண்டும். இதில் மட்டும் நீ ஒருநாளும் தவறக்கூடாது.

பாட்டை எழுதியது யார், இசை யாருடையது, எந்தத் தேதி என்பதை எழுதிப் பத்திரப்படுத்து. 1987 காப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதியவர் வாழும் காலம் முழுக்கவும் அதற்குப் பிறகு 50 ஆண்டும் அந்த உரிமை நிற்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளருக்காக 1989-இல் தொடங்கிய எம்.ஏ.சி.பி. அமைப்பு இருக்கிறது. உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் வானொலியில் போகிற பாட்டுக்குச் சிறு தொகையாவது வரும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவில் சுயதொழில் செய்கிறவர்களுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் இப்போது கலைஞர்களும் சேரலாம். முதல் மேடைக்கு முன்னால் அதைச் செய்துவிடு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மேடைகள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. அப்போது நம் ஆட்கள் பட்ட பாட்டை நான் பார்த்தவன். தவில் வித்வான் சாப்பாடு டெலிவரி செய்தார், கீபோர்டு வாசிப்பவர் கீபோர்டை விற்றார். எங்கள் வீட்டு வரிசையில் கொம்பியா ரொட்டி சுடுகிற ஹொக்சியூ சீன ஆண்ட்டி வாரம் தவறாமல் ஒரு பை கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டுப் போவார். இன்றைக்கும் நான் தூரப் பயணம் கிளம்பினால் அவரிடம் கொம்பியா வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

நீ பெண்பிள்ளை என்பதால் அக்கா பயப்படுகிறார். அந்தப் பயத்தைச் சின்னதாகப் பேசமாட்டேன். மேடை முடிந்த இரவே காரை எடுக்காதே. போத்தா வழியாக ஈப்போவிலிருந்து இங்கே வருகிற 5-ஆம் நம்பர் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் இருட்டில் எப்படி வரும் என்று உனக்கே தெரியும். தங்குவது குடும்பம் இருக்கிற வீட்டில், இல்லாவிட்டால் நீயே பார்த்து எடுத்த ஓட்டலில். ஏற்பாட்டாளர் கொண்டுபோய் விடுகிற இடத்தில் தங்காதே. என்னோடு வருகிற பாடகி ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் ஓர் அக்காவைத் தெரிந்து வைத்திருக்கிறார். அந்தப் போன் நம்பர்களை உனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் படிப்பில் கிடைக்கிற எந்தச் சான்றிதழையும்விட அது இந்தத் தொழிலுக்கு உதவும்.

கிட்டாரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே. பசை இளகி பிரிட்ஜ் கழன்றுவிடும். கடைக்குள்ளேயே எடுத்துக்கொண்டு போ. இந்த ஈரக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், தினமும் துடை. தொண்டைக்கு ஐஸ் போட்ட மைலோ வேண்டாம், மேடைக்கு முன்னால் வெந்நீர் மட்டும்.

சினிமாப் பாட்டு கேட்பார்கள் என்று வருத்தமாக எழுதியிருந்தாய். கேட்கத்தான் செய்வார்கள். இருபது வருஷம் பால்வெட்டிய மனிதர் ஒரு நாள் ராத்திரி தனக்குப் பிடித்த ராஜா பாட்டைக் கேட்டால் அதைப் பாடுவதில் உனக்கு எந்தக் குறைவும் வராது. ஆனால் நன்றாகப் பாடு, கடமைக்கு முணுமுணுக்காதே. அவர்களுக்குத் தெரிந்த பாட்டோடு தொடங்கு. மூன்றாவதாக உன்னுடையதைப் போடு. பாடுவதற்கு முன்னால் அது எங்கே, யாரைப் பார்த்து எழுதினது என்று இரண்டு வரி சொல். உன் சொந்தப் பாட்டைக் கடைசிக்கு வைக்காதே, அப்போது சனங்கள் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். கோலாலம்பூரில் பாடுவது நல்லது, சக பாட்டுக்காரர்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே மட்டும் இருந்துவிடாதே. தெலுக் இந்தானும் பாகான் டத்தோவும் சுங்கை சிப்புட்டும் நமக்கு வேண்டும். அந்த ஊர்களில் நம் பாஷையில் புதிதாக ஒரு பாட்டுப் பிறக்கிறது என்பதை நேரில் போய்ச் சொல்ல ஆள் இல்லை. நீ இருக்கிறாய்.

அடுத்த மாதம் மாசி மகத்துக்குப் பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் கோயிலில் எனக்கு உருமி வேலை இருக்கிறது. அதற்கு வா. பாடவேண்டாம். சாமான் ஏற்றுவது, பெர்ரியில் இறக்குவது, கணக்கு எழுதுவது, கடைசி ஆள் சாப்பிட்ட பிறகு நாம் சாப்பிடுவது, எல்லாவற்றையும் கூட இருந்து பார். திரும்பி வந்து லூமுட்டில் தே குடித்துக்கொண்டு, இன்னும் வேண்டுமா என்று கேட்கிறேன். வேண்டும் என்றால் ஏப்ரலில் மாரான் பங்குனி உத்திரத்துக்குப் போகிற வழியில் உனக்கு ஒரு மேடை பார்க்கிறேன். ஒரே ஒரு பாட்டு, அந்த இரண்டாவது பாட்டு.

அக்காவிடம் முதலில் நீ பேசு. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்து பேசுகிறேன். வரும்போது புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே கொண்டுவருகிறேன், அக்காவுக்குப் பிடிக்கும். உன் கிட்டாருக்கு எந்த அளவுக் கம்பி என்று எழுது, இரண்டு செட் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா