பாதி வர்க்கி

மாலை நான்கு மணிக்கு அப்பாவுக்குத் தேநீரும் வர்க்கியும் வேண்டும். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். மைதாவையும் சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்துப் பிசைந்து, அடுக்கடுக்காக மடித்து, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் வர்க்கி இந்த மலைக் குளிருக்கென்றே பிறந்தது என்பது அவருடைய கட்சி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நெடுநாள் இரத்த அழுத்தம் அவருடைய சிறுநீரகங்களை நான்காம் நிலைப் பழுதுக்குக் கொண்டுவந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். நல்லவேளையாகச் சர்க்கரை நோய் இல்லை. அன்றே வர்க்கி டப்பாவை அலமாரியிலிருந்து அகற்றினேன். மைதா கெடுதல் என்று படித்தவர்கள் எல்லோரும் நம்புவதைத்தான் நானும் நம்பினேன். அதனிடத்தில் வெல்லப்பாகில் செய்த கடலை மிட்டாயையும், உலர்ந்த பழங்களையும், ஊட்டியில் எடைபோட்டு விற்கும் கறுப்புச் சாக்லேட்டையும் வாங்கி நிரப்பினேன். அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது.

உணவியல் ஆலோசகர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கணக்கை மட்டும் சொன்னார். நூறு கிராம் நிலக்கடலையிலும், அதே அளவு கறுப்புச் சாக்லேட்டிலும் ஏறத்தாழ 700 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. வெல்லத்திலும் உலர்ந்த திராட்சையிலும் அது மிகுதி. பழுதற்ற சிறுநீரகம் மிகையை வெளியேற்றிவிடும். பழுதுற்றதால் அது இயலாது. தேங்கும் பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். ஊருக்கு நல்லது அப்பாவுக்கு நஞ்சாயிருந்தது. அதை ஊட்டியவள் நான் என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டு அகலவில்லை.

அதன்பின் பொட்டலங்களைப் படிக்கத் தொடங்கினேன். பழைய உரைகளைப் பொருள்கொண்டு வகுப்பில் சொல்வது என் தொழில். அவற்றைவிடக் கடினமானது பிஸ்கட் உறையின் பொடி எழுத்து. சோடியம் எவ்வளவு என்று அதில் இருக்கும். பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று பெரும்பாலும் இராது. சேர்பொருள் வரிசையில் 338 முதல் 341 வரையிலும், 450 முதல் 452 வரையிலும் உள்ள எண்கள் பாஸ்பேட்டுகளைக் குறிக்கும். கடலையிலோ பருப்பிலோ இயல்பாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் உடல் ஏற்கும். இப்படிச் சேர்க்கப்படுவதைப் பெரும்பாலும் முழுதாகவே உறிஞ்சிக்கொள்ளும். எண்ணாக மட்டும் நிற்கும் இந்தச் சொற்களுக்கு உரையெழுதியவர் எவருமில்லை.

ஒருநாள் அப்பா கேட்டார்: "இந்தக் கணக்கெல்லாம் இல்லாம ஒரு நாள் திங்கக் கூடாதா கண்ணு?"

என்னிடம் விடை இல்லை. ஆலோசகரிடம் கேட்டேன். மைதாவில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைவு. அன்றைய உப்பிலும் நீரிலும் கணக்கு வைத்துக்கொண்டு, பாதி வர்க்கி தரலாம் என்றார். அது மருந்தல்ல, கொழுப்பும் உப்பும் உள்ள பண்டந்தான். மற்றொரு நோயாளிக்கு அவருடைய இரத்தப் பரிசோதனை வேறு விடை சொல்லக்கூடும் என்றும் எச்சரித்தார். வர்க்கிக்கு உறையும் இல்லை, எண்களும் இல்லை. அடுமனைக்காரரிடமே போய் உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். விந்தையாகப் பார்த்தாலும் சொன்னார்.

இப்போது நான்கு மணிக்கு ஒரு வர்க்கியை இரண்டாக உடைக்கிறேன். சிறு குவளைத் தேநீரில் நனைத்து, நேரமெடுத்துத் தின்கிறார் அப்பா. மற்றப் பாதி எனக்கு. கல்லூரிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்ததாக எனக்கு நினைவில்லை.