பதினாறு முறை தோற்ற தந்தை

ஹூனான் மாநிலத் தலைநகர் சாங்ஷாவுக்குத் தென்மேற்கே, வயலும் குன்றும் மாறி மாறி வரும் ஷுவாங்ஃபெங் மாவட்டத்தில் இருக்கிறது ஹெயே. பெயருக்குத் தாமரை இலை என்று பொருள். பயணிகள் நேராகப் போவது இங்குள்ள ஃபுஹோதாங் மாளிகைக்குத்தான். முன்னால் பிறை வடிவக் குளம், பின்னால் மரமடர்ந்த குன்று, உள்ளே நூலகக் கட்டடங்கள். தைப்பிங் கிளர்ச்சியை அடக்கிய செங் குவோஃபானின் குடும்பத்துக்காக 1865-ல் கட்டத் தொடங்கிய வீடு. அவர் இதில் வசித்ததே இல்லை. அவருடைய தந்தையோ 1857-லேயே இறந்துவிட்டார்.

ஆனால் இந்த மாளிகைக்கு அடித்தளம் போட்டவர் அந்தத் தந்தைதான். அதே வட்டாரத்தில் உள்ள பையூதாங் என்ற பழைய வீட்டில் 1811-ல் குவோஃபான் பிறந்தார். தாத்தா உழவர். தந்தை செங் லின்ஷு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். எழுதுகோலைச் சுமந்துகொண்டு நடந்தே தேர்வுக்குப் போவார், தோற்றுத் திரும்புவார். அரசுப் பணிக்கான ஏணியில் முதல் படி ஷியூட்சாய் பட்டம். அதைப் பெற்றால் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு, ஊரில் மரியாதை. ஐந்தாறு நூற்றாண்டுகளாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அது கிடைத்ததில்லை.

எட்டு வயதில் மகன் தந்தையின் பள்ளியில் சேர்ந்தான். பழம்பெரும் நூல்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். புரியாவிட்டால் லின்ஷு மறுபடி சொல்வார்; அப்போதும் புரியாவிட்டால் மூன்றாம் முறை. வழியில் நடக்கும்போதும், படுக்கையிலும் கேள்வி கேட்பார். சந்தேகம் தீரும்வரை விடமாட்டார். தானே மந்தபுத்திக்காரன் என்பதால் மந்தமான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சலிப்பதில்லை என்பாராம். தந்தையின் கல்லறைக்காக எழுதிய வாசகத்தில் மகனே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1832-ல், பதினேழாவது முயற்சியில், சீனக் கணக்குப்படி 43 வயதில் லின்ஷு தேறினார். மறு ஆண்டு மகனும் தேறினார். பிறகு தந்தை அந்தப் படியிலேயே நின்றுவிட, மகன் ஏறிக்கொண்டே போனார். ஆனால் தலைநகர்த் தேர்வில் அவரும் இருமுறை தோற்றார். 1836-ல் பெய்ஜிங்கிலிருந்து திரும்பும் வழியில் 100 தேல் வெள்ளி கடன் வாங்கி, அது போதாமல் உடைகளையும் அடகு வைத்து, வம்ச வரலாறுகளின் பெருந்தொகுப்பை வாங்கி வந்தார். தேர்வில் தோல்வி, கையில் கடன். லின்ஷு திட்டவில்லை. கடனை எப்படியாவது தான் அடைப்பதாகவும், புத்தகங்களை ஊன்றிப் படித்தால் அதுவே போதும் என்றும் சொன்னார். மகன் ஓராண்டு வீட்டை விட்டு வெளியேறாமல் படித்தார். 1838-ல் உச்சப் பட்டமான ஜின்ஷி கிடைத்தது.

எல்லோருக்கும் இப்படி ஒரு தந்தை வாய்க்கவில்லை. குவாங்டொங் மாநிலத்தில் நான்கு முறை தோற்ற கிராமத்து ஆசிரியர் ஹொங் ஷியூசுவான் பின்னாளில் தைப்பிங் கிளர்ச்சிக்குத் தலைவரானார். அந்தப் போரில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பீடு. 1864-ல் நான்ஜிங் வீழ்ந்தபோது செங் படை நடத்திய படுகொலை, குவோஃபானின் புகழில் இன்றும் கறை.

அவர் தம்பிகளுக்கும் மகன்களுக்கும் எழுதிய கடிதங்கள் சீனாவில் இன்னும் விற்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது, அவசரப்படாமல் தினமும் கொஞ்சம் படி என்ற அறிவுரை. மூத்த மகன் செங் ஜிசே உயர் தேர்வுகளில் தேறவில்லை. ஆங்கிலம் கற்று, தூதராகி, 1881-ல் ரஷ்யாவுடன் பேசி இலி பகுதியின் பெரும்பாகத்தை மீட்டார்.

தேர்வு முறை 1905-ல் ஒழிந்தது. தாமரை இலை ஊரில் மாளிகை நிற்கிறது. அதைப் பார்க்க வருபவர்கள் பையூதாங் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம். மூன்றாம் முறையும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் வாழ்ந்தது அங்கேதான்.