மின்சாரம் வேடிக்கை காட்டிய காலம்! - மறைமலைநகர் டு தஞ்சை அரண்மனை

மறைமலைநகர் ரயில் நிலையம். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். வேலைக்கும் கல்லூரிக்கும் ஓடுகிறவர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால், 200 ஆண்டுகளுக்கு முன்பு மின்சாரம் என்றாலே வேடிக்கைதான். அந்தக் காலத்தைத் தொட்டுப் பார்க்க, செங்கல்பட்டில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும். இறங்க வேண்டிய ஊர், தஞ்சாவூர்.

அங்குள்ள அரண்மனையில் வாழ்ந்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர். 1799-ல் ஆட்சி அதிகாரம் கிழக்கிந்திய கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் வருவாயில் ஒரு பங்கும்தான். அவர் சோர்ந்து உட்காரவில்லை. புத்தகங்களையும் அறிவியல் கருவிகளையும் வாங்கிச் சேர்த்தார். காற்றை உறிஞ்சும் பம்ப், தந்தத்தாலான எலும்புக்கூடு... அவற்றோடு மின்சாரம் உண்டாக்கும் இயந்திரமும் இருந்தது!

அந்தக் கால மின் இயந்திரம் எளிமையானது. கைப்பிடியைச் சுற்றினால், கண்ணாடி உருளையோ வட்டோ தோல் மெத்தையில் உரசும். அதில் பிறக்கும் மின்சாரம் பக்கத்திலுள்ள உலோகக் குழாயில் சேரும். விரலை நீட்டினால் 'பட்'டென்று தீப்பொறி! அதைச் சேமித்து வைக்க, ஈயத்தாள் சுற்றிய 'லெய்டன் ஜாடி' உண்டு. 1746-ல் பிரான்ஸ் மன்னர் முன்னிலையில், நோலே என்பவர் 180 வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து ஜாடியின் மின்சாரத்தைப் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தார்கள்!

இதனால் என்ன பயன் என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1831-ல்தான் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் வழியை ஃபாரடே கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே சரபோஜி மறைந்தார். ஃபாரடேயின் கண்டுபிடிப்புக்கு 100 ஆண்டுகள் கழித்து, 1931-ல் சென்னை கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடியது. இன்று அந்த ரயில்கள் மறைமலைநகர் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகின்றன.

தஞ்சை அரண்மனைக்குப் போகிறவர்கள் தர்பார் மண்டபத்தோடு திரும்பிவிடாதீர்கள். சரபோஜி வளர்த்த சரஸ்வதி மஹால் நூலகத்தின் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஆட்சி போன பிறகும் ஒரு மனிதர் கற்றுக்கொண்டே இருந்ததற்கான சாட்சி அது.

குழந்தைகள் கூட வந்தால், உலர்ந்த தலையில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்டுங்கள். மன்னரின் இயந்திரம் செய்ததும் அதே வித்தைதான்!