இரண்டு வாட்டில் பேசும் பெட்டி

ஸ்பீக்கர் கடைக்குள் நுழைந்ததும் விரலை மடக்கிப் பெட்டியின் விலாவில் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கெட்டியாக ‘டொக்’ என்று கேட்டால் முகம் மலரும். அடுத்து தூக்கிப் பார்ப்பார்கள். ஒற்றை ஆளால் அசைக்க முடியவில்லை என்றால் பாதி மனது அங்கேயே இசைந்துவிடும். அதில் நியாயமும் இருக்கிறது. கோன் மட்டும்தான் அதிர வேண்டும், பலகை அதிரக் கூடாது. பலகையைக் கனமாக்குவது அதற்கு ஒரு வழி. ஒரே வழி அல்ல. 1970களில் ஒளிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக பிபிசி பொறியாளர்கள் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டி மெல்லிய பிர்ச் பிளைவுட்டால் ஆனது. உள்ளே தார் அட்டை ஒட்டி அதிர்வை அடக்கியிருந்தார்கள். ஐந்து கிலோ சொச்சம்தான். இடது கையில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறிவிடலாம். மனிதக் குரலை அத்தனை சுத்தமாகச் சொன்ன பெட்டிகள் அந்தக் காலத்தில் குறைவு.

எங்கள் வீட்டு முன்னறையில் நின்ற ஜோடி அதற்கு நேர் எதிர். ஒவ்வொன்றும் முப்பத்தைந்து கிலோ. வீடு பெருக்கும்போதெல்லாம் மனைவி அவற்றைச் சுற்றித்தான் போக வேண்டும். “இதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னே தெரியலங்க, நகத்த ரெண்டு ஆளு வேணும்” என்பாள். நான் மாற்ற நினைத்ததற்கு அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தத்தைக் குறைத்து வைத்தால் அந்தப் பெட்டிகள் தூங்கிவிடும். வீணையின் மீட்டு மட்டும் கேட்கும், மீட்டுக்குப் பின்னால் வரும் கமகம் கம்பியிலேயே நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டினால்தான் பாட்டு உயிர் பெறும். கூட்டினால் கீழ்வீட்டுக் குழந்தை எழுந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு மைக்செட் போடும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பனைமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் ஆம்ப், கீழே லாரி பேட்டரி. கரண்டு போனாலும் வில்லுப்பாட்டு நிற்காது. வயலுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊரில் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடுக்கைச் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆம்ப் எத்தனை வாட் என்று அவரிடம் கேட்டேன். “வாட்ஸ கேட்டு என்னடே செய்யப்போற? எம்புட்டு தூரம் கேக்கும்னு கேளு” என்றார். அப்போது அது பெரியவர் பேச்சு என்று போய்விட்டது. பிறகு படித்த அத்தனை ஒலியியலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரையாகத்தான் எனக்குப் படுகிறது.

ஒரு வாட் மின்சாரம் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது? இதுதான் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. எல்எஸ்3/5ஏ 83 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும். குழாயோ 100 டெசிபலைத் தாண்டும். மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு. மிருதங்கத் தனியில் சராசரிச் சத்தம் 80 டெசிபல் இருக்கும்போது, வலந்தலையில் விழும் ஓர் அடி சட்டென்று 100க்கு எகிறிவிட்டு இறங்கும். ஒரு மீட்டரில் அந்த 100ஐத் தொட 86 டெசிபல் பெட்டிக்கு 25 வாட் வேண்டும். 95 டெசிபல் பெட்டிக்கு மூன்று வாட் போதும். மூன்று வாட்டை எந்த ஏழை ஆம்பும் கொடுத்துவிடும், சிரமமில்லாமல்.

கொடுக்கும் மின்சாரமெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தால் மனம் நொந்துவிடும். 92 டெசிபல் பெட்டியில்கூட நூற்றில் ஒரு பங்குதான் ஒலியாகிறது. மிச்சம் தொண்ணூற்றொன்பதும் கோனை அசைக்கும் செம்புச் சுருளான வாய்ஸ் காயிலில் சூடாகப் போகிறது. சூடானால் செம்பின் தடை ஏறும். 100 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 40 சதவீதம். தடை ஏறினால் அடுத்த அடிக்கு இழுக்கும் மின்சாரம் குறையும். சத்தமாக வைத்துக் கேட்கும்போது, தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில், எந்த இடத்தில் அடி விரிய வேண்டுமோ அந்த இடத்தில் பெட்டி மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. திறன் கூடிய ஸ்பீக்கர் சூடாவதே இல்லை என்று சொல்லலாம். அதில் வாசிப்பு சுருங்குவதில்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக் இல்லாத கச்சேரிக்காகப் பிடிவாதம் பிடித்தவர். அந்தக் கையின் கனத்தையும் மென்மையையும் வீட்டில் கேட்க நினைப்பவனுக்கு இந்த விஷயம் முக்கியம்.

குழாய் ஏன் இவ்வளவு திறமையாக இருக்கிறது என்பதற்கு விடை நாகசுரத்திலேயே இருக்கிறது. சீவாளியின் அதிர்வு சின்னஞ்சிறியது. வெளிக்காற்றோ பெரிது, லேசானது, பிடி கொடுக்காதது. உலவு மெல்ல மெல்ல அகன்று அணசில் விரியும்போது சின்ன அதிர்வு பெரிய காற்றைப் பிடித்துக்கொள்கிறது. மைக்செட்டுக் குழாயும் அதே வேலையைத்தான் செய்கிறது, சீவாளிக்குப் பதில் உள்ளே ஒரு யூனிட். எங்கள் மாவட்டத்துக்காரரான காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை நான் முதலில் கேட்டது குழாய் வழியாகத்தான். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து வரும் அந்த வாசிப்பு, மார்கழிக் காலையில் பனைமர உயரத்திலிருந்து இறங்கிவரும். குழாய்க்கு அடிச்சுருதி கிடையாது, தவில் தகரமாகக் கேட்கும், எல்லாம் உண்மை. ஆனாலும் நாகசுரம் நேரில் வாசிப்பதுபோல் முன்னால் வந்து நிற்கும். பின்னாளில் கனத்த பெட்டிகளில் அதே இசைத்தட்டைக் கேட்டபோது எல்லாம் இருந்தது, அந்த முன்னால் வந்து நிற்பது மட்டும் இல்லை.

இதை வீட்டுக்குள் கொண்டுவர முயன்றவர் பால் கிளிப்ஷ். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூர்க்காரர். அறை மூலையின் இரண்டு சுவர்களையும் குழாயின் நீட்சியாக்கிக்கொள்ளும் கிளிப்ஷ்ஹார்னை 1946இல் விற்கத் தொடங்கினார். 105 டெசிபல்! ஆனால் ஒருவர் தூக்கும் சரக்கல்ல, நம் வீட்டில் அதற்கேற்ற இரண்டு மூலைகளும் காலியாக இருக்காது. மூலை வேண்டாத, கைக்கு அடக்கமான ஹெரசியை 1957இல் கொண்டுவந்தார். திறன் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது, ஆழமான அடிச்சுருதி போயிற்று.

ஏதாவது ஒன்று போகத்தான் வேண்டும். பிற்காலத்தில் ஹாஃப்மன் என்ற பொறியாளர் இதை விதியாகவே சொன்னார். புகழ்பெற்ற பியானோ கலைஞர் யோசெஃப் ஹாஃப்மனின் மகன் அவர், இசை வீட்டுப் பிள்ளை. சின்னப் பெட்டி, ஆழ்ந்த அடிச்சுருதி, அதிகத் திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 என்ற மூடிய பெட்டியைக் கொண்டுவந்தபோது முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டார். டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானது. உலகம் அவர் வழியிலேயே போனது. தவறென்று சொல்ல மாட்டேன். புத்தக அலமாரியில் வைக்கும் அளவு பெட்டியில் ஆர்கனின் அடிச்சுருதி கேட்பது அப்போது அற்புதம்தான். ஆனால் நான் விடத் தீர்மானித்தது அந்த ஆழத்தை.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலுக்கு ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்தர சட்ஜக் கம்பி அதில் பாதி, 65. நான் கேட்கும் சங்கீதத்தில் அதற்குக் கீழே பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அறையையும் பார்க்க வேண்டும். எங்கள் முன்னறை பன்னிரண்டடி, சுற்றிலும் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே மொசைக். பன்னிரண்டடி இடைவெளியில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை நின்றுகொண்டு குமுறும். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் அந்தக் கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நம் சுவர் எதையும் விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டியை இந்த அறையில் வைத்தால் கடத்தின் கும்காரமும் அறையின் குமுறலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 60க்கு அருகில் மெல்ல விலகிக்கொள்ளும் பெட்டியைச் சுவரையொட்டி வைத்தால் சுவரே கொஞ்சம் கைகொடுக்கும். அளவு சரியாகப் பொருந்தும்.

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ இப்போது நினைவுக்கு வருகிறது. கடைசி வால்வு தருவது நாலைந்து வாட். பின்பக்கம் திறந்த மரப்பெட்டி, உள்ளே எட்டங்குலக் காகிதக் கோன். இலங்கை வானொலி அறிவிப்பாளர் பேசினால் திண்ணையில் இருப்பவர்கள் தலை திருப்புவார்கள். அந்தக் கோன் காகிதம்தான், விளிம்பும் அதே காகிதத்தை மடித்து மடித்து வைத்தது. லேசு, ஆகவே சின்ன மின்சாரத்துக்கும் துள்ளும்.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்ததும் அந்தக் குடும்பத்தில்தான். எட்டங்குல அகல அலைவரிசை ஸ்பீக்கர், 95 டெசிபல். உள்ளூர் ஆசாரி கடல்நீர் தாங்கும் பிளைவுட்டில் பெட்டி செய்தார், உட்புறம் குறுக்குச் சட்டங்கள். பதினான்கு கிலோ வரும். கூடத்து வெளிச்சத்தில் கோனை உற்றுப் பார்த்தால் காகிதத்தில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். நடுவில் இன்னொரு சின்னக் கூம்பு, உச்ச சுரங்களுக்கு. இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். பழைய பெட்டியின் ரப்பர் விளிம்புக் கோனோ தளர்ந்து ஓர் அங்குலம் போய்வரும். இந்தக் கோனும் வாய்ஸ் காயிலும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிராம். விளிம்பு மெழுகுத் துணி. நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும் புழுக்கத்திலும் ஃபோம் விளிம்புகள் சில ஆண்டுகளில் பொடிந்து உதிர்வதைப் பழுது பார்க்கும் கடைகளில் பார்த்திருக்கிறேன். துணி நிலைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. இத்தகைய கோன்களில் பல மேல்மத்தியில் சற்றுக் கத்தும். வயலினின் மேல் ஸ்தாயியில் அது தெரியும். பெட்டியை முகத்துக்கு நேராகத் திருப்பாமல் சற்று வெளியே பார்க்க வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத பிராண்டுகளை விட்டுவிடலாம்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் இப்போது என் மேசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த அந்த ஆண்டுகளில் இது கையில் இருந்திருந்தால் எத்தனை இரவுகளுக்குப் பாட்டு கிடைத்திருக்கும் என்று தோன்றும். இரண்டு வாட்டைத் தாண்டுவது அபூர்வம்.

வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காகிதத்தில் 95 என்று அச்சிட்டிருந்தால் போதாது. அது ஒரு வாட்டுக்கா, 2.83 வோல்ட்டுக்கா என்று பார்க்க வேண்டும். எட்டு ஓம் பெட்டிக்கு இரண்டும் ஒன்றே. நான்கு ஓம் பெட்டிக்கு 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட். அச்சில் இருப்பதில் மூன்று டெசிபலைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும். அந்த நான்கு ஓம் சில அலைவரிசைகளில் மூன்றுக்கும் கீழே விழுமானால் சின்ன ஆம்ப் திணறும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் இதைப் பொறுமையாகச் சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

கடையில் கேட்கும்போது அவர்கள் போடும் பாட்டைக் கேட்கக் கூடாது. தவில் உள்ள ஒரு பழைய நாகசுர ஒலிப்பதிவைக் கொண்டுபோக வேண்டும், பக்கத்தில் இருவர் பேசினால் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும். வலந்தலையில் விரல் கூடுகள் விழுவதும் இடந்தலையில் குச்சி விழுவதும் அந்தச் சத்தத்திலேயே தனித்தனியாகக் கேட்டால் விலை பேசலாம்.