பத்துத்தூண் சந்து

19 ஜனவரி 2025, ஞாயிறு
மதுரைக்கு வந்தால் எல்லாரும் கோபுரத்தை வரைகிறார்கள். நான் காலை ஆறரைக்கு விளக்குத்தூண் பக்கம் இறங்கி, பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்துவிட்டேன். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையின் மிச்சம் இந்தத் தூண்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையைப் பெரும்பாலும் பிரித்துக் கொண்டுபோனார். தாங்கக் கூரையில்லாமல் நிற்கும் தூண்களைச் சுற்றி இப்போது ஜவுளிக்கடைகள். கடை திறக்குமுன் பென்சில் கோடு போட்டேன். தூணடியில் டீ குடித்துக்கொண்டிருந்த லோடுமேனை வரைந்த பிறகுதான் உயரம் தாளில் பிடிபட்டது.

20 ஜனவரி, திங்கள்
பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்த சாம்பலைப் பூசினேன். கல் செத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் கடைக்காரர் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். அதன் ஓரத்தில் அதே கல், மஞ்சள் ஓடிச் சூடாகத் தெரிந்தது! சாம்பலில் கைவைக்கவில்லை, பக்கத்தில் நீலத்தை வைத்தேன், போதும். பழைய ஊரை வரைகிறவர்களில் பலர் தார்ப்பாய், மின்கம்பி, நைட்டி தொங்கும் கயிறு எல்லாவற்றையும் அகற்றிவிட்டுத் தூணை மட்டும் வைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. சனங்கள் புழங்கும் பொருள்கள்தான் இந்தக் கல்லுக்கு நிறம் கொடுக்கின்றன.

22 ஜனவரி, புதன்
மூட்டம். நிழலே விழவில்லை. அறையில் உட்கார்ந்து மனோகர் தேவதாஸின் மதுரைக் கோட்டோவியங்களைப் பார்த்தேன். விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தபோதும் பேனா மையால் இந்த ஊரை அத்தனை நுணுக்கமாக வரைந்தவர். 2022 டிசம்பரில் மறைந்தார். ஒரு தடவையாவது நேரில் பார்த்து வணங்கியிருக்க வேண்டும்.

25 ஜனவரி, சனி
கடைக்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணே, நம்ம போர்டும் வரணும்ல?” என்றார். சிவப்பு எழுத்து, மஞ்சள் தரை; தூணுக்கு இடப்பக்கம் அதற்கென்றே இடம் விட்டிருந்தேன். எழுதி முடித்ததும் அவர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்தது கீழமாரட் வீதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்த வீதிகளில் ஒன்று. விடியலிலேயே பல்லாரி வெங்காய மூட்டை இறங்கும். அந்தத் தோலின் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் வேண்டும்; டியூப் தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.