இங்கே பிரசிடெண்ட்னா வேற ஆளு!

'பிரசிடெண்ட்' என்று சொன்னதும் உங்களுக்கு யார் முகம் ஞாபகத்துக்கு வருது? அப்துல் கலாமா? இல்லை, நாலு வருஷத்துக்கு ஒருமுறை டி.வி-யில் மல்லுக்கட்டும் அமெரிக்க வேட்பாளர்களா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, மரக்காணத்தில் பஸ்ஸைவிட்டு இறங்குகிற வரைக்கும்!

விடியற்காலை நாலே முக்கால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டி போகிற பஸ். கண்டக்டர் "மரக்காணம்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்க, தூக்கக் கலக்கத்தில் பையைத் தேடி எடுத்துக் குதித்தேன். எதிரே டீக்கடை. பெஞ்சில் ரெண்டு பேர்.

"பிரசிடெண்ட் மோட்டார மாத்திட்றேன்னு சொல்லிட்டாருபா."

"போன மாசமும் அதத்தான சொன்னாரு!"

டீயில் நனைத்த பிஸ்கட் அப்படியே உள்ளே விழுந்தது. ஜனாதிபதி எதுக்குப்பா மரக்காணத்தில் மோட்டார் மாத்துறார்? புரிய அரை நிமிஷம் ஆச்சு. ஊராட்சி மன்றத் தலைவர்! இந்தப் பக்கம் அவருக்குப் பேரே பிரசிடெண்ட்தான். கிராமத்திலிருந்து வந்து படிக்கிற நண்பர்கள் இதைப் படித்துச் சிரிப்பீங்க. சிரிச்சுக்கோங்க. நான் சென்னைக்காரி.

'ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறவங்க எதைப் பார்த்து ஓட்டுப் போடுறாங்க?' என்று நம்ம இதழ் மீட்டிங்கில் ஒரு தலைப்பு விழுந்தது. இந்தியாவில் அந்தக் கேள்விக்கு நீங்களும் நானும் பதில் சொல்ல முடியாது. எம்.பி-க்களும் எம்.எல்.ஏ-க்களும்தான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறாங்க. 2022 ஜூலையில் திரௌபதி முர்மு ஜெயித்தபோது, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ ஒருத்தர் போட்ட ஓட்டின் மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை 234 தொகுதியால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் வருகிற எண் அது. மரக்காணம் இருக்கும் திண்டிவனம் தொகுதி எம்.எல்.ஏ-வுக்கு 176. உங்களுக்கும் எனக்கும் சைபர்! ஆக, மக்களே நேரடியா முத்திரை குத்தித் தேர்ந்தெடுக்கிற ஒரே பிரசிடெண்ட் ஊராட்சித் தலைவர்தான். சரி, உப்பளத்து ஆட்களிடமே கேட்டுடலாம்னு கிளம்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே போதும், ஊர் முடிந்து வானம் தொடங்கிடும். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் சதுரம் சதுரமா பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம் கிடக்கும். விடிகிற நேரத்தில் முதலில் சாம்பல், அப்புறம் ரோஸ், அப்புறம் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. செல்போனில் எடுத்த நாற்பது போட்டோவில் ஒண்ணுகூட உருப்படியா வரலை. நேரில் போய்ப் பாருங்க. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பேர்போன ஊர்களோடு சேர்த்துச் சொல்லும் பெயர் இது.

நம்ம எஞ்சினீயரிங் மூளைக்குக் கொஞ்சம் தீனி. கடல் தண்ணியை அப்படியே காயவிட்டு உப்பு எடுக்கிறாங்கன்னு நினைச்சா தப்பு. உவர்நீரைப் பாத்தி பாத்தியா மாற்றி வெயிலில் சுண்டவைக்கிறாங்க. சாதாரணக் கடல் நீரின் அடர்த்தி போமே அளவில் சுமார் மூணரை டிகிரி. அது 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு கல்லாகப் படியும். அதுக்கு முன்னாடியே ஜிப்சம் படிஞ்சுடும். 30-ஐ நெருங்க விட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும். லேபில் ஹைட்ரோமீட்டரை வைத்துக்கொண்டு நான் தடுமாறுகிற விஷயத்தை, இங்கே ஒரு பெரியவர் தண்ணியைக் கையில் அள்ளி ரெண்டு விரலால் தேய்த்துப் பார்த்துச் சொல்றார். "இன்னும் ரெண்டு நாளு வெயிலு வேணும்." அவ்ளோதான், வைவா முடிஞ்சது!

வேலை விடியும் முன்பே தொடங்கிடும். நீளக் கொம்பில் பலகை பொருத்தி உப்பை வாரிக் கரையில் சேர்க்கிறாங்க. பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுறாங்க. ஒன்பது மணிக்குமேல் மேலே இருந்தும் வெயில், கீழே இருந்தும் வெயில். நான் கூலிங் கிளாஸோடு போயிருந்தேன். ரொம்பக் கூச்சமா இருந்தது. கழற்றிட்டேன். கண்ணில் தண்ணி கொட்டவும் மறுபடி மாட்டிக்கிட்டேன்.

பத்து மணிக்குக் கரையில் நிழல் பார்த்து ஒதுங்கிய ரெண்டு அக்காக்களிடம் ஒட்டிக்கொண்டேன். ரெண்டு பேரும் ஒரே அளத்தில் ஒரே கூலி வாங்குறவங்க. ஒருத்தர் பேரூராட்சிக்குள்ளே குடியிருக்கார். இன்னொருத்தர் கழுவெளிப் பக்கம் ஒரு ஊராட்சி. வீடு இருக்கும் இடம்தான் வித்தியாசம். ஆனா அந்தச் சின்ன வித்தியாசம் என்னவெல்லாம் பண்ணுதுன்னு அப்போ எனக்குத் தெரியாது.

"அக்கா, பிரசிடெண்ட் எலெக்‌ஷன்ல எதைப் பார்த்து ஓட்டுப் போடுவீங்க?"

ஊராட்சி அக்கா யோசிக்கவே இல்லை. "தண்ணி, பாப்பா."

உப்பு விலை என்பார், கூலி என்பார், மழைக்காலத்தில் வேலை இல்லாததைச் சொல்வார் என்றெல்லாம் நோட்டில் தலைப்புகூடப் போட்டு வைத்திருந்தேன். அதையே திருப்பிக் கேட்டேன். உப்புப் பிரச்னை முக்கியம் இல்லையா?

"முக்கியம் இல்லாம? அது பிரசிடெண்ட் கைல இருக்குதா? இல்லாதத அவர்கிட்ட கேட்டு இன்னா பண்றது?"

அந்த ஒரு வரிக்கு முன்னால் என் கேள்வித்தாள் மொத்தமும் ஃபெயில். யோசிச்சுப் பாருங்க. உப்பு உற்பத்தியும் அதை ஒழுங்குபடுத்துவதும் நம்ம அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இருக்கு, 58-வது இனமா. மரக்காணத்து அளங்களில் மத்திய அரசு நிலமும் உண்டு, மாநில அரசு நிலமும் உண்டு. குத்தகைக்கு எடுத்துத்தான் உப்பு விளைவிக்கிறாங்க. 1930-ல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தது இதே உப்புக்காகத்தான். அப்போதும் சரி, இப்போதும் சரி, உப்புக்கு டெல்லி வரை போகணும். மழை? அது டெல்லிக்கும் மேலே. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் மூடிடும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது, இதே மாவட்டத்து மயிலத்தில் 50 செ.மீ அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத காலத்துக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருவதை 2022-ல் தமிழக அரசு தொடங்கியது. நல்ல விஷயம்தான். கால்குலேட்டரைத் தட்டினால் ஒரு நாளைக்கு 55 ரூபாய்கூட வரலை.

இதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும். பெரிய பிரச்னை எது, பிரசிடெண்ட்டிடம் கேட்கக்கூடிய பிரச்னை எது என்று ரெண்டையும் தனித்தனியா வைத்திருக்கிறார். கடல் ஒரு பக்கம், கழுவெளி ஒரு பக்கம். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று சொல்லப்படுகிற கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. பூநாரைக்குப் பிடித்த தண்ணியை மனுஷன் குடிக்க முடியாதே! வீட்டுக்குக் குழாய் வந்திருக்கு. ஆனா அவர் தெருவில் அந்தத் தண்ணி பாத்திரம் கழுவத்தான், குடிக்கக் கேன். நானும் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். காலையில் பார்த்த பாத்தி ஞாபகம் வந்தது.

தண்ணிக்கு அப்புறம் அவர் சொன்னது சுடுகாட்டுப் பாதை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணியில் பாடை தூக்கிப் போகணுமாம். அப்புறம் தெரு விளக்கு. மூணு மணிக்கு எழுந்து வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு அது லக்‌ஷுரி இல்லை. வீடு கட்டும் திட்டத்துக்கான லிஸ்ட்டில் பேர் சேர்க்கிறது. நூறு நாள் வேலை. 2005 சட்டத்தை மாற்றி 2025 டிசம்பரில் 125 நாள் என்று புதுச் சட்டம் வந்திருக்கு, பேரும் மாறியிருக்கு. ஆனா இங்கே பேச்சில் இன்னும் நூறு நாள்தான்.

சாராயத்தையும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. 2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து செத்துப் போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "விக்கிறவன் யாருன்னு ஊருக்கே தெரியும். அவன்கூட சுத்தறவனுக்கு எப்படிமா ஓட்டுப் போடறது?" இது எந்தத் தேர்தல் சர்வேயிலும் ஒரு கட்டமா வராது.

"அப்போ சாதி, பணம் எல்லாம் இல்லவே இல்லையா?" ரெண்டு அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. "இல்லாம எப்டி போவும்?" 2021 உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் விழுப்புரம் மாவட்டத்திலேயே பிரசிடெண்ட் பதவி ஏலம் போனதாகச் செய்தி வந்தது. அதை மறைக்கிறதில் அர்த்தமில்லை. ஆனா காசு வாங்கினவங்ககூட மோட்டார் ரிப்பேர்னா அதே வாசலில் போய் நிக்கிறாங்க. நின்னா அவர் வெளியே வந்தே ஆகணும். ஒளிஞ்சுக்க இடம் கிடையாது, ஊர் அவ்ளோ சின்னது.

இப்போ பேரூராட்சி அக்கா கதைக்கு வாங்க. அவர் இவ்ளோ நேரம் பேசவே இல்லை. கேட்டேன். "எங்களுக்கு ஏது பிரசிடெண்ட்? கவுன்சிலருக்குப் போட்டோம். சேர்மனை அவுங்கதான் எடுத்தாங்க."

மரக்காணம் நகரம் பேரூராட்சி. 2011-ல் பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தாங்க. 2019-ல் சட்டம் மாறியது. 2022 பிப்ரவரியில் மக்கள் கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டுப் போட, தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாங்க. ஜனாதிபதி தேர்தல் மாதிரியேதான், சைஸ் மட்டும் சின்னது. அதோடு நூறு நாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான் என்பதால், மழைக்காலத்தில் பக்கத்து ஊர் அக்கா வேலை கேட்கலாம், இவர் கேட்க முடியாது. 'டவுன்' ஆனதுக்குக் கிடைத்த பரிசு! வீட்டு வாசலில் தார் ரோடு இருக்குங்கிறது உண்மைதான். அந்த ரோட்டை அக்டோபரில் சோற்றில் போட்டுப் பிசைய முடியுமா?

பக்கத்து ஊர் அக்காவும் ரொம்பப் பெருமைப்பட்டுக்க முடியாது. 2016-ல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்று போனது. விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷம் பிரசிடெண்ட்டே கிடையாது, தனி அலுவலர்தான். "அப்போ தண்ணிக்கு யார்கிட்ட போனீங்க?" "போறது எங்க? அந்த ஆபீசரு எந்த ஊர்ல இருக்காருன்னே தெரியாது."

2021-ல் அவங்க நாலு ஓட்டு போட்டிருக்காங்க. நாலும் வேறவேற கலர் சீட்டு. பிரசிடெண்ட்டுக்கு ரோஸ். அதில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, கட்டில் மாதிரி சுயேச்சைச் சின்னம்தான். ஓட்டு சமமா வந்தால் குலுக்கல். எனக்கு இன்னொரு விஷயம் பிடிச்சது. பிரசிடெண்ட்டுக்கு நிற்க 21 வயசு போதும். ஜனாதிபதிக்கு 35 ஆகணும். எனக்கு இப்போ இருபது. அடுத்த பிறந்த நாளுக்கு நான் ஒரு ஊருக்கே மோட்டார் மாத்தித் தர்றதா வாக்குக் கொடுக்கலாம்! 'அரியர் இருக்கா?'ன்னு வேட்புமனுவில் கேட்கமாட்டாங்கதானே?

வெயில் உச்சிக்கு வந்தது. அக்காக்கள் கூடையைத் தலைக்கு மேலே கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாங்க. ஒருத்தர் கழுவெளி பக்கம், இன்னொருத்தர் டவுன் பக்கம். ஊராட்சி அக்கா நாலடி போய்த் திரும்பி, "நீ மெட்ராஸ்ல எந்தப் பக்கம் பாப்பா?" என்றார். சொன்னேன்.

"அங்க தண்ணி வர்லன்னா யாராண்ட போவீங்க?"

எங்க வார்டு கவுன்சிலர் பேர் எனக்குத் தெரியலை. வீட்டுக்கு போன் போட்டேன். அம்மா, "இரு, அப்பாவைக் கேட்கிறேன்" என்றார். அப்பாவுக்கும் தெரியலை. அதற்குள் பாண்டியிலிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. ஏறிட்டேன்.